நாலரைக் குச்சி பாக்கி: ஒத்தக்கடையில் ஒரு ஹேண்டிகேப் குரோக்கே போட்டி

திருநகரிலிருந்து:

"குரோக்கேயா? அது வெள்ளைக்காரன் விளையாட்டாச்சே, மதுரையில எவன் ஆடுறான்?" என்று கேட்பவர்களுக்கு: எட்டுப் பேர் ஆடுகிறோம். போன மாசியில் ஒத்தக்கடைப் பக்கம், யானைமலை தெரிகிற ஒரு தென்னந்தோப்பில், இரண்டு நாள் போட்டியே நடத்திவிட்டோம். அதுவும் ஹேண்டிகேப் போட்டி. நடத்தியவன் நான்தான். முதல் சுற்றிலேயே தோற்றவனும் நான்தான்.

மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். இரண்டு கோடை அங்கே போயிருந்தபோது பொழுது போகாமல் பக்கத்துக் கிளப்பில் சேர்ந்தேன். நீளக் காம்பு வைத்த மட்டையால் பந்தை அடித்து, தரையில் நட்ட வளையங்களை வரிசையாகக் கடக்க வேண்டும்; வளையத்துக்கு ஒரு புள்ளி, கடைசியில் முளையில் அடித்தால் ஒரு புள்ளி. ஆறு வளையம், நடுவில் ஒரு முளை, நாலு பந்து. நீலமும் கறுப்பும் ஒருவருக்கு, சிவப்பும் மஞ்சளும் எதிராளிக்கு. நம் பந்து இன்னொரு பந்தைத் தொட்டால் மேலும் இரண்டு தடவை அடிக்கலாம், வளையத்துக்குள் புகுந்தால் ஒரு தடவை. தாயத்தில் வெட்டினால் மறுபடி போடலாமே, அதே கதைதான். பந்தைப் பந்தால் அடிப்பதோ அச்சு அசல் கோலி.

அங்கேதான் ஹேண்டிகேப் பழக்கமானது: திறமையைப் பார்த்து ஆளுக்கு ஓர் எண் போடுவார்கள். நன்றாக ஆடுகிறவருக்கு எண் குறைவு. கில்லாடிகளுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸில் இருக்கும். புதிதாகப் போன எனக்கு 24 போட்டார்கள், இரண்டாம் கோடையில் 18 ஆனது. இருவர் மோதும்போது எண்களின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை 'பிஸ்க்' எண் கூடியவருக்குக் கிடைக்கும். பிஸ்க் என்றால் இலவச முறை: உங்கள் முறை முடிந்ததும் எதிராளியை நிற்க வைத்துவிட்டு இன்னொரு முறையும் நீங்களே ஆடலாம். எத்தனை பாக்கி என்று எல்லாருக்கும் தெரியக் களத்து ஓரத்தில் வெள்ளைக் குச்சிகளை நட்டுவைப்பார்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் ஒரு குச்சியைப் பிடுங்க வேண்டும். அரை பிஸ்க்கும் உண்டு. அதில் பந்தை நல்ல இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம், புள்ளி எடுக்க முடியாது. பிஸ்க் என்ற சொல் எங்கள் தோப்பில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. முழுக்குச்சி, அரைக்குச்சி என்றே ஆகிவிட்டது.

பந்துகள் மகள் வாங்கித் தந்தவை. ஒவ்வொன்றும் 454 கிராம். கொழும்பு வழியாக மதுரையில் இறங்கியபோது பையைத் திறந்து பார்த்த அதிகாரி ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு "பேரனுக்கா சார்?" என்றார். "இல்லை, எனக்கு" என்றேன். ஒன்றும் சொல்லாமல் மூடிவிட்டார். மட்டைக்கு ஆசாரியிடம் படம் காட்டினேன். "இது நம்ம கொட்டாப்புளிதானே, காம்பு மட்டும் மூணடி கேக்குறீங்க" என்று வாகை மரத்தில் நாலு செய்து கொடுத்தார். வெல்டிங் பட்டறைதான் படுத்திவிட்டது. கட்டடத்துக்குப் போடுகிற முறுக்குக் கம்பியிலேயே வளையத்தை வளைத்துவிட்டார்கள். பந்து கம்பியின் வரியில் பட்டுக் கண்டபடி தெறித்தது. வழவழப்பான 16 எம்.எம். கம்பியில் ஆறையும் மறுபடி செய்தோம். பந்தின் விட்டம் 92 மி.மீ., முறைப்படி வளையத்தின் உள் அகலம் 95 அளவில்தான் இருக்கும். நாங்கள் 105 வைத்துக்கொண்டோம். அது எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்ட சலுகை.

தோப்பு என் சகலையுடையது. அதில் பழைய பூப்பந்துக் களம் ஒன்று, 24 மீட்டருக்கு 12 மீட்டர். குரோக்கே களம் முழு அளவில் 32க்கு 25.6. அதைச் சரிபாதியாக்கி 16க்கு 12.8 என்று வைத்தால், அகலத்தில் 80 சென்டிமீட்டர் இடித்தது. வரப்பைக் கொஞ்சம் வெட்டினேன். சகலை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. புல்தரைக்கு ஆசைப்படவில்லை, செம்மண்ணில் தண்ணீர் தெளித்து, இரவல் வாங்கிய உருளையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். விம்பிள்டன் கிளப் 1868-இல் குரோக்கேவுக்காகவே தொடங்கப்பட்டது. அங்கே 1877-இல் முதல் டென்னிஸ் போட்டி வைத்ததே உருளையைப் பழுதுபார்க்கப் பணம் சேர்க்கத்தான் என்று சொல்வார்கள். உருளை இழுத்தவனுக்கு அதை நம்புவதில் சிரமமே இல்லை.

சரி, இதெல்லாம் சுலபம். ஆளுக்கு ஓர் எண் போடுவதுதான் பெரும்பாடு. "நீங்க இவ்வளவு மோசம்" என்று ஒருவர் முகத்துக்கு நேராகச் சொல்வதுதானே அது! ஒரு சோதனை வைத்தேன்: பத்து நிமிடத்தில் தனியாக எத்தனை வளையம் கடக்கிறார்கள் என்று. அன்று பார்த்து எல்லாருக்கும் முட்டிவலி. முந்தின நாள் மூன்று வளையம் கடந்தவர் அன்று ஒன்றோடு மூச்சு வாங்கினார். மோசம் என்று சொன்னால் கோபப்படுவார்கள் என்று பயந்தேன். எல்லாரும் அதற்குத்தான் வரிசையில் நின்றார்கள். கல்லூரியில் படிக்கும் ஒரு பையன் மட்டும் கர்வத்தில் நன்றாக ஆடித் தொலைத்தான். அவனுக்கு 12. கடைசி நேரத்தில் ஒருவர் வராததால் தோப்புக் காவல்காரரைச் சேர்த்தோம். "எனக்கு ஆடத் தெரியாது சார்" என்றார். 24 போட்டேன்.

முழு ஆட்டத்துக்கு 26 புள்ளி, நேரம் தாங்காது. ஆறு வளையம் ஒரே சுற்று, முளை, பந்துக்கு ஏழு, ஆக 14 புள்ளி. ஒன்றேகால் மணி நேரம். ஆட்டம் சுருங்கினால் குச்சியும் சுருங்கும், வித்தியாசத்தில் பாதிக்குச் சற்று மேலே.

எனக்கு எதிரே ஓய்வுபெற்ற டீச்சரம்மா. அவருக்கு 24, எனக்கு 18, மூன்றரைக் குச்சி. நான் இரண்டு வளையம் கடந்து நிமிர்ந்தபோது அவர் மூன்று குச்சியையும் அடுத்தடுத்துப் பிடுங்கி, ஒரே மூச்சில் ஐந்து வளையம் முடித்திருந்தார். "என்னங்கம்மா, எல்லாத்தையும் இப்பவே செலவழிச்சுட்டீங்க?" என்றேன். "வேற எதுக்குத் தம்பி குடுத்தீங்க?" என்றார். இங்கிலாந்துக் கிளப்பில் எனக்குத் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது இதுதான்: குச்சியைச் சீக்கிரம் செலவழி, முன்னே போய்விடு. நம் ஆட்களுக்கு அது இறங்குவதில்லை. ஐந்தரைக் குச்சியோடு கல்லூரிப் பையனை எதிர்த்து இறங்கிய வங்கி நண்பர் ஒன்றே ஒன்றைப் பிடுங்கினார். மற்றதைப் பிக்சட் டெபாசிட் போல வைத்திருந்தார். மணி அடித்தது, தோற்றார். நாலரைக் குச்சியும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

இறுதி ஆட்டம் டீச்சரம்மாவும் காவல்காரரும். இரண்டு பேருக்கும் 24, வித்தியாசம் பூஜ்யம், குச்சியே கிடையாது. ஆடத் தெரியாதவர் எட்டு மீட்டர் தூரத்துப் பந்தைக் கோலி அடிப்பதுபோல அடித்தார். பத்து நாளாக விடியற்காலையில் தனியாக ஆடிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பரிசு ஓர் எவர்சில்வர் தூக்கு, எல்லாருக்கும் பருத்திப்பால்.

கே.கே. நகரிலிருந்து:

அந்த நாலரைக் குச்சி ஆள் நான்தான். இப்போது கல்யாண வீட்டில்கூட "குச்சி இருக்கா?" என்று விசாரிக்கிறார்கள். என் தரப்பையும் கேளுங்கள். நாலாவது வளையத்துக்கு முன்னால் தென்னை வேர் ஒன்று மண்ணைத் தூக்கியிருந்தது. எந்தப் பந்தும் அங்கே இடதுபக்கம் ஓடும். அதைத் தாண்டியபின் செலவழிக்கலாம் என்று காத்திருந்தேன். தாண்டவே இல்லை, அவ்வளவுதான். முதல் சுற்றில் வைத்ததையெல்லாம் கரைத்துவிட்டுப் பிறகு அந்த வேரிடம் மாட்டியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேனாம்? இன்னொன்று: எங்கள் முட்டிவலியைப் பற்றி எழுதியவர் தன் எண்ணைச் சோதனை வைக்காமலே 18 என்று போட்டுக்கொண்டார். இங்கிலாந்து எண்ணாம். இந்தக் களத்தில் ஆறு மாதம் ஆடியவருக்கு அது 14 இருக்க வேண்டும். அப்படி இருந்தும் தோற்றார் என்பது வேறு விஷயம்.

உத்தங்குடியிலிருந்து:

மூணரைக் குச்சி டீச்சர் எழுதுகிறேன். இறுதி ஆட்டத்தில் பிடுங்கக் குச்சி இல்லாததால் கை ஓடவில்லை, உண்மைதான். ஒவ்வொரு முறை தவறவிட்டதும் களத்து ஓரத்தைத் திரும்பிப் பார்த்தேன், வெறும் மண். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு ஆட்டம் ஜெயித்ததற்காக என் எண்ணை 24-இலிருந்து 20 ஆக இறக்கிவிட்டார்கள். தம்பி, அடுத்த சோதனை என்றைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போதே முட்டி லேசாக வலிக்கிறது.