புதுப்பிப்பு: விஷுவல் எடிட்டரில் வார்ப்புரு சிக்கல் தீர்ந்தது

மீடியாவிக்கி மென்பொருளில் இயங்கும் எங்கள் ஊர்ச் செடிகொடி விக்கி தளத்தில், குறிமொழி தெரியாமலே பக்கங்களைத் திருத்த உதவும் விஷுவல் எடிட்டர் இருந்தும் புதியவர்கள் தகவல்பெட்டி வார்ப்புருவை (பக்கத்தில் விவரங்களைப் பெட்டியாகக் காட்டும் ஆயத்த அச்சு) நிரப்பத் திணறுகிறார்கள் என்று போன மாதம் கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது ‘டெம்ப்ளேட்டேட்டா (வார்ப்புருவில் எதை எங்கே நிரப்புவது என்று எடிட்டருக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்துவிடுங்கள்’ என்ற யோசனைதான். ஒவ்வொரு அளபுருவுக்கும், அதாவது நிரப்ப வேண்டிய ஒவ்வொரு விவரத்துக்கும், தமிழில் பெயரும் ஒரு வரி விளக்கமும் எழுதினேன். இப்போது வார்ப்புருவைச் சேர்த்ததுமே ‘செடியின் பெயர்’, ‘பூக்கும் மாதம்’ என்று கட்டங்கள் வந்து நிற்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நேற்று ஆவாரம்பூ பக்கத்தை யார் துணையும் இல்லாமல் முடித்தார். அவ்வளவு சந்தோஷம்!

எதிர்பாராதது ஒன்று. டெம்ப்ளேட்டேட்டாவை வார்ப்புருவின் ஆவணத் துணைப்பக்கத்தில் (அதன் பயன்பாட்டு விளக்கம் இருக்கும் பக்கம்) சேமித்த பிறகும் கட்டங்கள் வரவில்லை. அப்புறம் மூல வார்ப்புருவைத் திறந்து, எதையும் மாற்றாமல் ஒருமுறை சேமித்தேன், வந்துவிட்டன.

விஷுவல் எடிட்டருக்காக விக்கி குறிமொழியை HTML ஆகவும் திரும்பவும் மாற்றித் தரும் பார்சாய்டுக்குத் தனி சர்வர் தேவைப்படவில்லை, 1.35 பதிப்பு முதல் அது மீடியாவிக்கியோடே வருகிறது.