பாட்டியைக் கதையாக எழுதினால் தத்துவமாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

வேப்பம்பூ:
போன தை மாதம் பாட்டி இறந்துபோனாள், 86 வயது. அவளை வைத்து ஒரு சிறுகதை எழுதப் பார்க்கிறேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கெடுக்க வருகிறவராக எமன் வருகிறான், மீட்டரைப் பார்த்து அட்டையில் குறித்துவிட்டுப் போகிறான், அவன் யாரென்று பாட்டிக்கு மட்டும் தெரியும். இதுவரை சரி. ஆனால் இரண்டு பேரும் பேச ஆரம்பித்ததுமே நிலையாமை, மாயை என்று கொட்டுகிறது, என் பாட்டி ஒருநாளும் அப்படிப் பேசினவள் இல்லை. மூன்று முறை எழுதிக் கிழித்தாயிற்று. முதுமையையும் சாவையும் எழுதினவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

மருதநிழல்:
புறநானூறு 243ஆம் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எழுதினவரின் சொந்தப் பெயர் நம்மிடம் இல்லை, பாட்டில் வரும் கைத்தடியை வைத்துத்தான் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். நினைத்தால் இரக்கமாக இருக்கிறது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார், ஆனால் அதை விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. நேராகக் குளத்துக்குப் போய்விடுகிறார். மணல் பாவைக்குப் பூச்சூட்டியது, பெண்களோடு கைகோத்து ஆடியது, தண்ணீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரளத் துடுமெனக் குதித்து அடிமணலை அள்ளி வந்தது. கிழவர் வருவது கடைசியில்தான், தடி ஊன்றி, நடுங்கி, 'இருமிடை மிடைந்த சிலசொல்' பேசிக்கொண்டு. இருமலுக்கு இடையில் நெருக்கிக்கொண்டு வரும் சில சொற்கள்! எனக்கு இந்த ஒரு அடி போதும். உங்கள் பாட்டிக்கு மூச்சு வாங்குமா? அப்படியானால் அவளுக்கு ஒரு தடவைக்கு மூன்று சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள், தத்துவம் தானாக நின்றுவிடும்.

சாய்வுநாற்காலி:
எனக்கு 74. சாவைப் பற்றி நாங்கள் நாள் முழுக்க யோசிப்பதாக இளையவர்கள் எழுதுகிறீர்கள், எங்களுக்கு அதற்கு நேரமில்லை அம்மா. ராத்திரி எழுந்தால் கட்டிலுக்கும் கழிவறைக்கும் எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருக்கிறேன். செத்துப்போன நண்பர்களின் எண்களை போனில் இன்னும் அழிக்கவில்லை, அழிக்கவும் மாட்டேன். ஆனால் மனசை உறுத்துவது கால் நகம்தான். குனிய முடியாது, மருமகளிடம் கேட்கக் கூச்சம். உங்கள் பாட்டி எமனிடம் ஏதாவது கேட்டால் அதைத்தான் கேட்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேப்பம்பூ:
ஐயா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இது வந்தது:

'தம்பி.'
அவன் மீட்டரிலிருந்து திரும்பினான்.
'நகவெட்டி. அலமாரில.' மூச்சு வாங்கினாள். 'குனிய முடியல.'
அவன் அட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வெளியே விட்டான்.

இரவுப்பணி:
வயதானவர்களைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொள்ளும் செவிலி நான். செருப்பைக் கழற்றினது மிகவும் பிடித்தது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு நெருங்கும்போது பெரும்பாலும் கையும் காலும் சில்லிட்டுப் போகும், சாப்பாடு இறங்காது, வீட்டார் அது தெரியாமல் ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். அவன் பாட்டியின் பாதத்தைக் கையில் எடுக்கும்போது அது குளிர்ந்திருக்கட்டும். பேச்சே வேண்டாம் அங்கே.

வேப்பம்பூ:
கடைசி ரெண்டு நாளும் பாட்டியின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தவள் நான்தான், காலுறை வேறு போட்டுவிட்டேன், சூடே ஏறவில்லை. இத்தனை மாதமாக எழுதியும் அது நினைவுக்கு வரவே இல்லை. இன்று ராத்திரி அந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன்.