பழைய ஆர்எக்ஸ்-8: முந்தைய உரிமையாளர் முடிக்காமல் விட்ட ரீகால் வேலையை எப்படி முடிப்பது?

ஹூஸ்டன் மணியன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் வசிக்கிறேன். 2005ஆம் ஆண்டு மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-8 ஒன்றை அண்மையில் ஒரு தனியாரிடமிருந்து வாங்கினேன். கம்ப்ரஷன் அளவு, எண்ணெய் குடிக்கும் வேகம், சூடான எஞ்சின் மறுபடி கிளம்ப அடம்பிடிப்பது என்று இதன் ரோட்டரி எஞ்சினைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கும் விஷயங்களைச் சோதித்துத் திருப்தியடைந்த பிறகே பணம் கொடுத்தேன். இப்போதைய சிக்கல் எஞ்சினில் இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் காரின் வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) இட்டுப் பார்த்தால், பயணி பக்கத்துத் தகாடா நிறுவன ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் (பையை ஊதி விரிக்கும் கருவி), எரிபொருள் பம்பின் சீல் வளையம் ஆகிய இரண்டு ரீகால்களும் (குறைபாடுள்ள பாகத்தைச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது) இன்னும் முடிக்கப்படவில்லை என்று காட்டுகிறது.

முந்தைய உரிமையாளர் கொடுத்த காகிதக் கட்டில், பயணி பக்க ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் ரீகாலில் மாற்றப்பட்டதாக 2015ஆம் ஆண்டு ரசீது ஒன்று தெளிவாக இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள டீலரிடம் சென்றேன். சர்வீஸ் மேசையில் இருந்தவர், வண்டி மிகப் பழையது, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, பாகத்தை வரவழைக்க வேண்டும், எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை என்று கூறி அனுப்பிவிட்டார்.

ரசீது இருக்கும்போது இணையதளம் ஏன் இப்படிக் காட்டுகிறது? இத்தனை ஆண்டுகள் கழித்தும் இலவசமாகச் செய்து தருமாறு கேட்க எனக்கு உரிமை உண்டா? வார இறுதிகளில் மட்டுமே ஓட்டப்போகும் காரில் இது உண்மையிலேயே அவசரமான விஷயம்தானா? இன்னொன்று, முந்தைய உரிமையாளர் அசல் ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் இல்லாத சிறிய பந்தய ஸ்டீயரிங் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். அதனால் ஏதேனும் சிக்கல் வருமா?

சர்வீஸ் மேசைக்காரர்:

வேறொரு மாநிலத்தில், வேறொரு பிராண்டின் டீலரிடம் நீண்டகாலம் சர்வீஸ் அட்வைசராக வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் ரசீது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. இணையதளமும் தவறாக இருக்க வேண்டியதில்லை. தகாடா விவகாரத்தின் தொடக்க ஆண்டுகளில் மாற்றுப் பாகங்களுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்ததால், பல கார் நிறுவனங்கள் பழைய இன்ஃப்ளேட்டரைக் கழற்றிவிட்டு அதே வகையைச் சேர்ந்த புதிய இன்ஃப்ளேட்டரையே தற்காலிகமாகப் பொருத்தின. புதிதாக இருக்கும்வரை அது பாதுகாப்பானது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத அதே அம்மோனியம் நைட்ரேட் வில்லைகள்தான் (எரிந்து பையை விரிக்கும் வாயுவை உண்டாக்குபவை) அதற்குள்ளும் இருப்பதால், அப்படி மாற்றப்பட்ட கார்களையும் மறுபடி ரீகால் செய்ய வேண்டியதாயிற்று. 2015 ரசீதும் திறந்த நிலையில் உள்ள ரீகாலும் ஒரே காரில் சேர்ந்து இருந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். ரசீதில் உள்ள ரீகால் எண்ணையும் இணையதளத்தில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறாக இருந்தால் உங்களுக்கு இரண்டாவது மாற்றம் பாக்கி இருக்கிறது. ஒரே எண் என்றால், வேலை முடிந்ததை அந்த டீலர் கார் நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டிருக்கலாம். அப்போது ரசீதின் நகலைக் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பி, பதிவைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

வார இறுதியில் மட்டும் ஓட்டுவதால் ஆபத்து குறையும் என்று நினைப்பது, ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி கண்ட தவறான கணக்கு. இந்த இன்ஃப்ளேட்டர் கெட்டுப்போவதற்கும் ஓடிய மைல்களுக்கும் சம்பந்தமில்லை. காற்றின் ஈரமும், பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பநிலையும் பல ஆண்டுகள் சேர்ந்து அந்த இரசாயன வில்லைகளைச் சிதைக்கின்றன. சிதைந்த வில்லை வெடிக்கும் கணத்தில் வேண்டியதைவிட வேகமாக எரிகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாமல் உலோக உறையே பிளந்து, துண்டுகளாகப் பைக்குள்ளிருந்து பாய்கிறது. சாதாரண மோதல் ஒன்றில் காயமின்றித் தப்பியிருக்க வேண்டியவர்கள் கழுத்திலும் முகத்திலும் உலோகத் துண்டு பாய்ந்து இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள பகுதிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டபோது, முதல் மண்டலத்தில் இருந்த மாநிலங்களில் டெக்சஸும் ஒன்று. வளைகுடாக் கரையை ஒட்டிய ஹூஸ்டனின் கோடையில் கொட்டகையில் நிற்கும் கார்கூட இந்தச் சிதைவிலிருந்து தப்பாது.

ஆகவே வேலை முடியும்வரை முன் பயணி இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். ஆர்எக்ஸ்-8இல் பின்புறம் திறக்கும் சிறு கதவுகளும் இரண்டு பின்னிருக்கைகளும் இருப்பது இந்த விஷயத்தில் உங்கள் அதிர்ஷ்டம்.

உரிமையைப் பொறுத்தவரை, வாரண்டியும் ரீகாலும் வேறு வேறு. 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8களின் எஞ்சினுக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டித்த வாரண்டி தரப்பட்டது, அது காலாவதியாகிவிட்டது. மேசையில் இருந்தவர் இதை மனத்தில் வைத்துப் பேசியிருக்கலாம். பாதுகாப்பு ரீகாலுக்கு அத்தகைய காலாவதி கிடையாது. ரீகால் அறிவிக்கப்பட்ட நாளுக்கு 15 ஆண்டுகளுக்கும் முன்னர் முதன்முதலாக விற்கப்பட்ட வண்டியாக இருந்தால் மட்டுமே இலவசமாகச் செய்யும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. (2015க்கு முன் இந்த வரம்பு 10 ஆண்டுகளாக இருந்தது.) உங்கள் காரின் ரீகால்கள் அறிவிக்கப்பட்டபோது அதற்கு அந்த வயது ஆகவில்லை. நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பதும், எந்த டீலரிடம் காட்டுகிறீர்கள் என்பதும் பொருட்டல்ல. அதே பிராண்டின் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரும் செய்யலாம்.

"எப்போது வரும் என்று தெரியாது" என்ற பதிலை வாய்வார்த்தையாக வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். காரைக் கொண்டுபோய் நிறுத்தி, எந்தத் தேதியில், எந்த ரீகால் வேலைக்காக வந்தது என்பதைக் குறித்து ஒரு சர்வீஸ் ஆர்டர் திறந்து, நகல் கேட்டு வாங்குங்கள். காரை ஒப்படைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சரியாகப் பழுது நீக்கப்படாவிட்டால், அதையே நியாயமான காலத்துக்குள் செய்யத் தவறியதற்கு முதல்நோக்குச் சான்றாக (மறுத்து நிரூபிக்காதவரை ஏற்கப்படும் சான்று) கூட்டாட்சிச் சட்டம் கருதுகிறது. அந்தக் காகிதத்தோடு கார் நிறுவனத்தை அழைத்துப் புகார் எண் பெறுங்கள். மாற்று வாகனம் கிடைக்குமா என்றும் அப்போதே கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் என்எச்டிஎஸ்ஏ-விடம் புகார் பதியலாம். உங்கள் முகவரியையும் நிறுவனத்தின் பதிவில் மாற்றிவிடுங்கள், இல்லையேல் ரீகால் கடிதங்கள் பழைய உரிமையாளரின் வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

மெல்போர்ன் வாசி:

இதே மாடல் இங்கே என்னிடமும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் இதை உரிமையாளரின் விருப்பத்துக்கு விடவில்லை. 2018 மார்ச் முதல் தகாடா ஏர்பேக்குகளுக்குக் கட்டாய ரீகால் நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பர் 31க்குள் நிறுவனங்கள் மாற்றி முடித்தாக வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. மாற்றிக்கொள்ளாத கார்களின் பதிவைப் புதுப்பிக்க மாநில அதிகாரிகள் மறுத்தார்கள். ஜப்பானிலும் 2018 மே முதல், ஆபத்து மிகுந்த தகாடா ஏர்பேக்கை மாற்றாத கார்கள் ஷாக்கென் என்னும் கட்டாயச் சோதனையில் தேற முடியாது. டெக்சஸில் அப்படி எந்தத் தடுப்பும் இல்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இப்படிப்பட்ட கார் ஒன்று கைமாறிக் கைமாறி உங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ரோட்டரி ரசிகன்:

மேலே உள்ள நண்பர் சொன்னது சரியே. டெக்சஸில் சொந்தக் கார்களுக்கான வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனையே 2025 ஜனவரியோடு நீக்கப்பட்டுவிட்டது. அது இருந்த காலத்திலும் ரீகால் முடிந்ததா என்று யாரும் பார்த்ததில்லை.

ஸ்டீயரிங் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காருக்கு ஓட்டுநர் பக்க ரீகால் தனியாக வந்திருக்கிறதா என்று நிறுவனத்திடமே கேளுங்கள். இணையதளம் திறந்திருக்கும் ரீகால்களை மட்டுமே காட்டும், முடிந்தவற்றைக் காட்டாது. ஓட்டுநர் பக்கத்தில் ரீகால் திறந்திருந்து, அசல் ஏர்பேக் காரில் இல்லை என்றால், மாற்றுவதற்கு எதுவும் இல்லாததால் அந்த வேலை முடிவடையாமலேயே நிற்கும். பந்தய ஸ்டீயரிங் போட்ட பல கார்களின் நிலை இதுதான். விற்றவரிடம் கழற்றிய ஏர்பேக் இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் சாதாரணப் பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள்; ஏர்பேக் மாட்யூல்கள் யூஎன் 3268 என்ற எண்ணில் அபாயகரமான சரக்காக வகைப்படுத்தப்பட்டவை. நேரில் வாங்கி நேராக டீலரிடம் ஒப்படைப்பதே முறை.

டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிகிறதா? ஏர்பேக் இல்லாத ஸ்டீயரிங்கைப் போட்டுவிட்டு, விளக்கை அணைப்பதற்காக இணைப்பியில் ஒரு ரெசிஸ்டரை (ஏர்பேக் இருப்பதாகக் காட்டி ஏமாற்றும் சிறு மின்தடை) செருகிவிடும் பழக்கம் உண்டு. ஸ்டீயரிங்கின் நடுவிலுள்ள ஹாரன் பொத்தானைக் கழற்றினால், மஞ்சள் உறையுள்ள அந்த வயரின் முனையில் கடுகளவு மின்பொருள் ஒன்று டேப் சுற்றி ஒட்டப்பட்டிருப்பது தெரியக்கூடும். ஆனால் பேட்டரியைத் துண்டித்து, மின்சாரம் முழுக்க வடியும்வரை காத்திராமல் அங்கே கை வைக்காதீர்கள்.

பழைய கார் உடைக்கும் இடத்திலிருந்தோ இணையத்திலிருந்தோ மலிவாக ஒரு ஏர்பேக் வாங்கிப் பொருத்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். உடைக்கும் இடத்தில் கிடைப்பது அதே தகாடாவாக இருக்கலாம். இணையத்தில் மலிவாக விற்கும் தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்களால் உயிரிழப்பு நேர்ந்ததாக 2024இல் என்எச்டிஎஸ்ஏ எச்சரித்திருக்கிறது.

ஹூஸ்டன் மணியன்:

விரிவான பதில்களுக்கு நன்றி. ரீகால் எண்களை ஒப்பிட்டேன், இரண்டும் வேறுதான். காரை ஒப்படைத்து சர்வீஸ் ஆர்டர் திறக்க நேரம் வாங்கியிருக்கிறேன். ஏர்பேக் விளக்கு எரியவில்லை, ஆகவே ரெசிஸ்டர் சந்தேகம் வலுக்கிறது. எரிபொருள் பம்ப் ரீகாலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது சிறிய விஷயமா?

சர்வீஸ் மேசைக்காரர்:

சிறியதன்று. 2004 முதல் 2008 வரையிலான ஆர்எக்ஸ்-8களுக்காக 2016இல் அறிவிக்கப்பட்ட ரீகால் அது. எஞ்சினிலிருந்தும் புகைபோக்கியிலிருந்தும் வரும் வெப்பத்தால் பம்பின் சீல் வளையம் நாளடைவில் கெட்டு, பெட்ரோல் கசியலாம். இந்தக் காரில் பம்ப் பின்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், முன்னிருக்கையில் உட்கார வைக்காதவர்களைப் பின்னால் உட்கார வைப்பதற்கு முன், டேங்கை முழுமையாக நிரப்பிய மறுநாள் காலை, கண்ணாடிகள் மூடியிருந்த காரின் கதவைத் திறந்தவுடன் பெட்ரோல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். வாடை வந்தால் காரை ஓட்டிச் செல்ல வேண்டாம்; இழுவை வண்டி அனுப்புமாறு கார் நிறுவனத்தைக் கேளுங்கள். வராவிட்டாலும் இரண்டு ரீகால்களையும் ஒரே சர்வீஸ் ஆர்டரில், தனித்தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள். ஏர்பேக் பாகம் வரத் தாமதமானாலும், சீல் வளைய வேலையை அதற்காகக் காத்திருக்காமல் அன்றே முடித்துக்கொள்ளலாம்.