25 மி.மீ. மொட்டைமாடிப் பலகை: கம்பிவலையா, எஃகு இழையா?

கலவைக்காரன்: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் மொட்டைமாடியில் வெயிலைத் தடுக்கக் கட்டைமேல் பரப்பும் ஃபெரோசிமெண்ட் பலகைகளைத்தான், அதாவது சிமெண்ட் காரைக்குள் கம்பிவலை அடுக்குகள் பதித்த மெல்லிய பலகைகளைத்தான் சொல்கிறேன். 3 அடுக்கு வலை வெட்டிக் கட்டவே ஆள்கூலி போய்விடுகிறது. வலையை எடுத்துவிட்டுக் கனமீட்டருக்கு 35 கிலோ எஃகு இழை போடலாமே? டவுன்டவுன் ரயில் பாதை 3-இல் சுரங்க வளையத் துண்டுகளுக்கே இழைக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள்.

வலைக்கண்: அந்த உதாரணம் இங்கே நிற்காது. சுரங்க வளையம் பெரும்பாலும் அமுக்கத்தில் வேலை செய்கிறது. பலகை முழுக்க வளைவில். கணக்கைப் பாருங்கள். 12.5 மி.மீ. கண், 1.2 மி.மீ. கம்பி, 3 அடுக்கு: 600 மி.மீ. அகலத்தில் விரிசலைக் கடக்கும் எஃகு 163 ச.மி.மீ. உங்கள் 35 கிலோ இழை, கன அளவில் 0.45 விழுக்காடுதான். 60 மி.மீ. நீளம், 0.75 மி.மீ. தடிமன் உள்ள இழை எல்லாமே பல திசையில் படுக்கையாகக் கிடந்தாலும் கிட்டத்தட்ட 43 ச.மி.மீ. அதிலும் பல இழைகளின் முனை விரிசலுக்குப் பக்கத்திலேயே முடிந்து, உருவிக்கொண்டு வரும். முதல் விரிசலோடு சுமை இறங்கிவிடும். வலையிலோ மயிரிழை விரிசல்கள் பல விழுந்தபின்தான் பலகை தளரும். மேலே ஆள் நடக்கும் இடம் ஐயா இது.

கலவைக்காரன்: வலைக்கு மேல் கவர் (மூடியிருக்கும் காரையின் தடிமன்) 3 முதல் 5 மி.மீ. நம் ஈரக்காற்றில் அதுதான் முதலில் துருப்பிடித்துக் காரையை உரிக்கும். இழை துருப்பிடித்தால் மேலே கறைதான். மெலிசு என்பதால் வெடிக்க வைக்காது. அடுக்குகளுக்குள் காரை இறங்காமல் பொள்ளல் (வெற்றிடம்) விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலைக்கண்: பொள்ளல் வேலைத்தரம். 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த மணல், சிமெண்டும் மணலும் 1:2, நீர்-சிமெண்ட் விகிதம் 0.40. அடியில் காரை பரப்பி, வலையை அழுத்தி, அதிர்வு மேசையில் வைத்து, பிறகு மேல்காரை. ஈரச்சாக்கு 7 நாள். துத்தநாகம் பூசிய வலையைப் பூசாத கம்பியோடு கட்டாதீர்கள்: ஈரக்காரைக்குள் ஹைட்ரஜன் குமிழி கிளம்பி, கம்பியைச் சுற்றிப் பிடிப்பு போய்விடும். துரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மருந்து அடர்த்தியான காரைதான், வலையை நீக்குவதல்ல.

தளமட்டம்: 2 அடுக்கு வலையோடு 13 மி.மீ. குட்டை எஃகு இழை சேர்த்துப் பாருங்கள். தூக்கும்போது மூலை உடையாமல் இருக்க இழை உண்மையிலேயே கைகொடுக்கும். வலையே இல்லாமல் இழையை மட்டும் நம்பினால் 2 விழுக்காடு, அதாவது கனமீட்டருக்கு 157 கிலோ அளவுக்குப் போக வேண்டிவரும். கூலியில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும். எதைப் போட்டாலும் மாதிரிப் பலகையை வளைத்துச் சோதியுங்கள். முதல் விரிசல் சுமையோடு நிறுத்தாமல், அதற்குப் பிறகு எவ்வளவு தாங்குகிறது என்பதையும் குறியுங்கள்.