ரெகாட்டாவுக்குத் தமிழில் என்ன? வியாழன் மாலைக்குள் வேண்டும்

காட்பாடியிலிருந்து, திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் அறிவியல் மன்ற மலர் வியாழன் மாலை அச்சகத்துக்குப் போகிறது. இந்த முறை பொருள் காற்று. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் பாய்மரப் படகில் வெண்கலம் வாங்கியதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரே கேள்விதான்: "பாலாத்துல தண்ணியே இல்லையே டீச்சர், அவரு எங்க ஓட்டிக் கத்துக்கிட்டாரு?" மும்பையில், ராணுவத்தில் என்று சொன்னேன். அங்கிருந்து பேச்சு வளர்ந்து, நியூசிலாந்தின் ஆக்லாந்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம் என்றாகிவிட்டது. 2021 மார்ச்சில் அங்கே அமெரிக்கக் கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டி நடந்தது. அதே துறைமுகத்தில் ஊர்க்காரர்கள் தங்கள் சின்னப் படகுகளை எடுத்துக்கொண்டு தங்களுக்குள் போட்டி போடுவதும் உண்டு. பிள்ளைகளுக்குப் பிடித்ததே இந்த இரண்டாவது செய்திதான்.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில். 'ரேஸ்' என்றால் பந்தயம், சரி. 'ரெகாட்டா' என்றால்? அது ஒரு பந்தயம் இல்லை. பல பந்தயங்கள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவருக்கு ஒரு புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு இரண்டு புள்ளி, கடைசியில் யாருக்குக் கூட்டுத்தொகை குறைவோ அவருக்கு வெற்றி. நாளிதழ்கள் இரண்டையும் 'பாய்மரப் படகுப் போட்டி' என்றே எழுதுகின்றன. "இந்தப் போட்டியில் பத்துப் போட்டிகள்" என்று எழுதினால் எந்தப் பிள்ளைக்குப் புரியும்? உதவுங்கள்.

*

ஆரணியிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, வணக்கம். இதற்கு வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. "நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி வளிதொழில் ஆண்ட உரவோன்" என்று கரிகாலனின் முன்னோனைப் பாடினார் வெண்ணிக்குயத்தியார். புறநானூறு 66. காற்றை வேலை வாங்கியவன் என்கிறார் பாருங்கள். இதைவிடப் பாய்மர ஓட்டத்துக்கு விளக்கம் வேண்டுமா? அந்தப் பாட்டிலிருந்தே எடுக்கிறேன்: தனிப் பந்தயம் 'வளியோட்டம்'. பல ஓட்டங்கள் சேர்ந்தது 'கலமாட்டு', கலம் என்றால் கப்பல். நீராட்டு, புனலாட்டு என்று நமக்கு மரபு உண்டு. பாய்க்கும் பழஞ்சொல் இருக்கிறது. மதுரைக்காஞ்சி 'இதை' என்கிறது. அதையும் மீட்கலாம்.

'பந்தயம்' மட்டும் வேண்டாம். அதில் பணம் கட்டும் வாடை அடிக்கிறது. பிள்ளைகள் மலரில் சூதுக்கு என்ன வேலை?

*

ராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் மதியம்

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். இருபது வருடமாகத் தொழிற்சாலைக் கையேடுகளை மொழிபெயர்த்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். படிப்பவன் ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தால் அடுத்த வரிக்கு வரமாட்டான். "மாலுமி இதை இழுத்துக் கட்டினார்" என்று எழுதிப் பாருங்கள். எதை என்றுதான் பிள்ளை கேட்கும். 'கலமாட்டு' என்றால் நம் பக்கத்தில் மாடுதான் நினைவுக்கு வரும். ஓட்டப்பந்தயம் என்ற சொல் பள்ளிக்கூட மைதானத்தில் தினமும் புழங்குகிறது. அதில் யாரும் பணம் கட்டவில்லை. 'படகுப் பந்தயத் தொடர்' என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள் டீச்சர். கிரிக்கெட்டில் தொடர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

*

வந்தவாசியிலிருந்து, செவ்வாய் மாலை

'பாய்' என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோரைப்பாய் நெசவு. தறியில் நூலை நீளவாக்கில் பாவாக இழுத்துக் கட்டி, அதன் குறுக்கே ஒவ்வொரு கோரையாகச் செருகி அடிப்போம். படுக்கிற பாய்க்கும் கப்பல் பாய்க்கும் பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. பாய்தல் என்றாலே பரவுதல். விரிப்பதெல்லாம் பாய். புடவைக்காரர்கள் சொல்லும் பாவும் இந்த வேர்தான் என்பது என் எண்ணம். ஆரணி ஐயா சரிபார்க்க வேண்டும்.

*

ஆரணியிலிருந்து, செவ்வாய் இரவு

தம்பி சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். பாய், பாவு, பரப்பு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பேன். இன்னும் சொல்லப்போனால் பாலாறே பாய்ந்து வருவதால்தான்...

*

ராணிப்பேட்டையிலிருந்து, செவ்வாய் இரவு

ஐயா, பாலாற்றில் பால் இருக்கிறது, பாய் இல்லை. வியாழன் மாலை!

*

ஆம்பூரிலிருந்து, புதன் காலை

எல்லோருக்கும் வணக்கம். ஆக்லாந்துக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. அதை நேராகப் பெயர்த்தால் 'பாய்களின் நகரம்' என்று வரும். எங்கள் ஊரில் அப்படி எழுதினால் அது ஆம்பூரைப் பற்றிய கட்டுரை என்றுதான் நினைப்பார்கள். என்னையே கடைத்தெருவில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வந்தவாசி அண்ணன் அதைத் தன் ஊர் என்பார். அதனால் 'பாய்மர நகரம்' என்று மரத்தையும் சேர்த்துப் போடுங்கள் டீச்சர். தனியாக நிற்கும் இடத்தில் பாய்க்குத் துணை வேண்டும்.

*

ஆக்லாந்திலிருந்து, புதன் மதியம்

குடியாத்தத்துக்காரன் நான், இங்கே வந்து பதினோரு வருடம். இந்த விவாதத்தில் ஒரு அடிப்படையான செய்தி விட்டுப்போகிறது. ரெகாட்டா என்றால் பாய்மரம் மட்டும் இல்லை. அது வெனிஸ்காரர்கள் சொல். இங்கிலாந்தில் ஹென்லியில் 1839 முதல் நடக்கும் ரெகாட்டா முழுக்கத் துடுப்புப் படகுகள்தான். ஆக்லாந்தின் ஆண்டுவிழா ரெகாட்டா 1840இல் தொடங்கியது. ஜனவரி கடைசியை ஒட்டி வரும் திங்கட்கிழமை, ஊருக்கே விடுமுறை. பாய்மரப் படகு மட்டுமா வருகிறது? கப்பலை இழுக்கும் டக் படகுகள் தங்களுக்குள் பந்தயம் விடும், இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வாக்கா என்ற தோணிகளும் வரும். அதனால் 'பாய்', 'வளி' இரண்டையும் சொல்லுக்குள் வைத்தால் இவையெல்லாம் வெளியே போய்விடும்.

2021 பற்றிக் கேட்டிருந்தீர்கள். கோப்பைப் படகுகள் ஏசி75 வகை. எழுபத்தைந்து அடி. தண்ணீருக்கு அடியில் இருக்கும் இறக்கை உடம்பையே மேலே தூக்கிவிடும், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். மார்ச்சில் நியூசிலாந்து இத்தாலியின் லூனா ரோஸாவை 7–3 என்று வென்றது. ஆனால் எனக்கு மனதில் நிற்பது வேறு. என் மகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட், 2.3 மீட்டர் நீளம், உள்ளே ஒரு பிள்ளைதான் உட்காரலாம். பள்ளி முடிந்து அதே கடலில் அவளும் நாற்பது பிள்ளைகளும் மூன்று மிதவைகளைச் சுற்றி வருவார்கள். அவளுக்கு அதுதான் ரெகாட்டா. பெரியதுக்கும் சின்னதுக்கும் ஒரே சொல்தான் இங்கே. தமிழிலும் அப்படியே இருக்கட்டும்.

*

காட்பாடியிலிருந்து, புதன் இரவு

அண்ணா, மிக்க நன்றி. நல்ல வேளை, அச்சுக்குப் போகுமுன் சொன்னீர்கள்.

இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தெர்மாகோல் துண்டில் குச்சி நட்டு, வந்தவாசிப் பாயின் ஓரத்தில் கத்தரித்த ஒரு சாண் துண்டை மாட்டினோம். மேசை மின்விசிறியைப் பக்கத்தில் வைத்துப் போட்டதும் படகு அப்படியே பக்கவாட்டில் சறுக்கிப்போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. ஒரு பையன் உடைந்த ஸ்கேலை எடுத்து அடியில் செருகினான். அவ்வளவுதான், படகு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது! காற்றின் தள்ளலைத் தண்ணீருக்குள் இருக்கும் தட்டு பக்கவாட்டில் விடாமல் பிடித்துக்கொள்கிறது. முன்னே போக மட்டும்தான் அதற்கு வழி.

உடனே ஐந்து படகு செய்து வரிசையாக விட்டார்கள். எந்தப் படகு எந்த முறை எத்தனையாவது என்று கரும்பலகையில் எழுதிக் கூட்டினோம். அப்போது லத்தேரியிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "டீச்சர், எங்க ஊர்ல எருது விடும் விழான்னு சொல்றோமே, அதுமாதிரி இது படகு விடும் விழாதானே?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தையில் நம் ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவை யோசியுங்கள். ஒரு மாடு ஓடினால் அது ஓட்டம். பல மாடுகள், பல சுற்று, பார்க்கக் கூடும் ஊர், பரிசு எல்லாம் சேர்ந்தால் அது விழா. ரெகாட்டா அதேதான். பாய்மரம், துடுப்பு, டக் படகு எல்லாம் 'படகு' என்ற ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. உள்ளூருக்கும் பொருந்தும், உலகக் கோப்பைக்கும் பொருந்தும். நான் இதற்கே வாக்களிக்கிறேன்.

*

ராணிப்பேட்டையிலிருந்து, புதன் இரவு

பிள்ளை சொன்னது அழகு. எனக்கு ஒரு தயக்கம். மழைத்தண்ணீரில் காகிதக் கப்பல் 'விடுகிறோம்'. எருதையும் 'விடுகிறோம்', அதன்மேல் ஆள் இல்லை. பந்தயப் படகில் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிறார். விடுவது வேறு, ஓட்டுவது வேறு. கப்பல் 'ஓட்டிய' தமிழன் என்றுதானே வ.உ.சி.யைச் சொல்கிறோம்?

*

வந்தவாசியிலிருந்து, புதன் நள்ளிரவு

ஆனால் 1906இல் அவர் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார் என்றும் சொல்கிறோமே. ஊருக்குப் புதிதாக பஸ் விட்டிருக்கிறார்கள் என்கிறோம். டிரைவர் இல்லாமலா விடுகிறார்கள்? 'விடு' என்றால் ஓடச் செய்வது. நான் டீச்சர் பக்கம்.

*

ஆம்பூரிலிருந்து, வியாழன் காலை

நானும் டீச்சர் பக்கம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது பாலத்தில் நின்று பார்த்தோம். படகு விட்டால் எப்படி இருக்கும் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். ஓட்டினால் என்று ஒருவரும் சொல்லவில்லை.

*

ஆரணியிலிருந்து, வியாழன் மதியம்

பெண்பிள்ளைக்கு என் ஆசி. சொல் மண்ணில் முளைத்திருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் கலைச்சொல் என்றால் இறுக்கம் வேண்டும். 'விடும்' என்ற பெயரெச்சம் ஒரு காலத்தில் நின்றுவிடுகிறது. "காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை" என்பது நன்னூல். நேற்று விட்டது, இன்று விடுவது, நாளை விடப்போவது மூன்றையும் வினைத்தொகை தாங்கும். 'படகுவிடு விழா' என்று அச்சிடுங்கள். ஒரே சொல்லாகச் சேர்த்து.

தனிப் பந்தயத்துக்கு 'வளியோட்டம்' இல்லையென்றால் 'படகோட்டம்' என்றாவது போடுங்கள். 'பந்தயம்' வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

*

காட்பாடியிலிருந்து, வியாழன் மாலை 5 மணி

ஐயா, 'படகுவிடு விழா'வைப் பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று பேர் 'படகு வீடு விழா' என்று வாசித்தார்கள். அதனால் 'படகு விடும் விழா' என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதல்முறை வரும் இடத்தில் மட்டும் "ரெகாட்டா என்று உலகம் சொல்லும் படகு விடும் விழா" என்று இருக்கிறது. தனி ஓட்டம் இந்த இதழில் 'பந்தயம்' ஆகவே நிற்கிறது. ஆக்லாந்து 'பாய்மர நகரம்'. மலர் வந்ததும் எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

*

ஆரணியிலிருந்து, வியாழன் இரவு

என் மறுப்பைக் குழுமப் பதிவில் வைத்துவிடுங்கள். வீடு என்று படித்த மூன்று பிள்ளைகளுக்கும் வினைத்தொகை சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை நானே காட்பாடிக்கு வருகிறேன். தொட்டியையும் அந்த ஸ்கேல் படகையும் எடுத்துவைத்திருங்கள், பார்க்க வேண்டும்.

*

ஆக்லாந்திலிருந்து, வெள்ளி

எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாமல் இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி முன்னேறுவார்களே, அதற்கு நம் கடற்கரைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? மகள் கேட்கிறாள்.