போன் இவேர் இசைக்குழுவின் ‘ஹோலோசீன்’ பாட்டு வீடியோ உங்களை எங்கே பிடித்தது? (கொழும்புப் பக்கம் மூன்று பேர், தங்கள் ஊர்ப் பெயரில்)

வெள்ளவத்தை:
2022 மார்ச் கடைசி, 13 மணி நேரம் கரண்ட் நின்ற நாட்கள். ஃபோனில் 9 சதவீதம்தான் சார்ஜ். இருந்தும் இறக்கி வைத்திருந்த அந்த வீடியோவைப் போட்டேன். பெரிய வெளியில் பையன் தனியே நடக்கிற இடம். பின்னால் அம்மம்மா வந்து நின்றது தெரியாது. பாட்டில் ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது. “இந்தப் பிள்ளையின்ர தாய் எங்க?” என்றார். நான் வாய் திறக்குமுன் ஃபோன் அணைந்துவிட்டது. இருட்டில் அவருடைய விசிறிச் சத்தம் மட்டும். இப்போது அம்மம்மா இல்லை. வீடியோவைத் திறந்தாலே அந்தக் கேள்விதான் முதலில் கேட்கிறது.

கொட்டாஞ்சேனை:
எனக்கு ரயிலில். வேலையை விட்ட அன்று, கோட்டை ஸ்டேஷனில் ஏறிக் கதவடியில் நின்றேன். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் வலப்பக்கம் முழுக்கக் கடல். தான் ஒன்றும் பெரிய ஆளில்லை என்று அவர் பாடுவாரே, அங்கே உடைந்துவிட்டேன். கடலைக்காரர் என் முகத்தைப் பார்த்து ஒரு சுருளை நீட்டினார். காசு எடுக்கப் போனால் “கமக் நே” (சிங்களத்தில் ‘பரவாயில்லை’) என்று தலையசைத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பனிக்காட்டுக் குடிலில் தனியே இருந்து செய்த பாட்டல்லவா, இறங்காமல் என்ன செய்யும்?

தெஹிவளை:
குடில் கதை இந்தப் பாட்டுடையது இல்லை. பாடகர் ஜஸ்டின் வெர்னன் 2006-07 குளிர்காலத்தில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்பாவின் வேட்டைக் குடிலில் இருந்து செய்தது போன் இவேரின் முதல் ஆல்பம். ‘ஹோலோசீன்’ 2011இல் வந்த இரண்டாவதில் இருக்கிறது. அது பழைய மிருக வைத்தியசாலையை ஸ்டூடியோவாக்கி, பல கலைஞர்கள் சேர்ந்து செய்தது. வீடியோவை இயக்குநர் நபில் ஐஸ்லாந்தில் எடுத்தார். ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், அந்தக் குடில் கதையை நம்பித்தான் என் தம்பி ஆறு மாதம் அறையைப் பூட்டிக்கொண்டு கிட்டாரோடு கிடந்தான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு வருவோம், தொடாமலே இருக்கும். பாட்டு எழுதுகிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைத் தனியே விடாதீர்கள், கூடப் போய் இருங்கள். அப்புறம், வெள்ளவத்தை, இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கூடாது. வெர்னன் குரலை அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறார், பாதி காதுக்கே வராது. ஹெட்போன் போட்டு, கண்ணை மூடி, முதலில் வீடியோ இல்லாமல் கேளுங்கள்.

வெள்ளவத்தை:
தம்பி இப்போது எப்படி இருக்கிறார்? ஹெட்போன் என்னிடம் இருக்கிறது. அன்று ஸ்பீக்கரில் போட்டதால்தான் அம்மம்மாவுக்குக் கேட்டது.