கோய்ங்கிற ஜப்பான் வண்ண மீனை எடுக்கும்போது எதை முதல்ல பார்ப்பீங்க? மீன் வளர்க்குற மூணு பேர் அவங்கவங்க ஏரியா பேர்ல சொல்றாங்க.

திருநகர்:
செகப்புத் திட்டு அழகா இருக்கான்னு கடைசியாப் பாருங்க. முதல்ல உடம்பு, அடுத்து தோல், அப்புறம் நிறம். டிசைன் அதுக்கும் பின்னாலதான். ஜப்பான்ல நீகாட்டா பக்கம் வளர்க்குறவங்க குஞ்சுகளைக் கழிக்கும்போதும் கோணல் உடம்பு ஒதுங்கிரும்.

நம்ம ஊர்க் கடைகள்ல கண்ணாடித் தொட்டியில விட்டிருப்பாங்க, பக்கவாட்டுதான் தெரியும். கோயை மேலேயிருந்துதான் பார்க்கணும். நீலக் கலர் பேசின்ல பாதித் தண்ணி ஊத்தி வாசல் வெளிச்சத்துல வைக்கச் சொல்லுங்க. தொட்டி மேல எரியுற சிவப்பு எல்இடி, வெளிர் ஆரஞ்சைக்கூட ரத்தச் செகப்பாக் காட்டும்.

முதுகெலும்பை நீந்தும்போது பார்த்தா ஏமாந்துருவீங்க, அப்ப எல்லா மீனும் வளையும். வால் ஆட்டாம நிக்கிற நொடியில மூக்குலருந்து வால் வரை கோடு நேரா இருக்கணும். முன் துடுப்பு ரெண்டும் ஒரே அளவா, செவுள் மூடி முழுசா மூடுதான்னு பாருங்க. கோணல் வாய் வளர்ந்தா சரியாகாது.

ஒத்தக்கடை:
அண்ணன் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. கோஹாக்குங்கிற கோய் ரகம்னா வெள்ளையும் செகப்பும். வெள்ளை மங்கி மஞ்சளடிச்சா செகப்பு எவ்வளவு நல்லா இருந்தும் எடுபடாது. குஞ்சுல தலை மட்டும் லேசா மஞ்சளா இருந்தா பயப்பட வேணாம், பெரும்பாலும் தெளிஞ்சிரும். திட்டோட பின் ஓரம் பிளேடால வெட்டின மாதிரி இருக்கணும். முன் ஓரம் மட்டும் இளம் மீன்ல மங்கலாத் தெரியும். அங்க வெள்ளைச் செதில் செகப்பு மேல படிஞ்சிருக்கு, அது குறை இல்ல. ஒவ்வொரு செதிலும் தனித்தனியாத் தெரியுற செகப்பு மெல்லிசு, நிக்காது. 4 இன்ச்லயே கருஞ்செகப்பா முத்திப்போனதையும் நம்பாதீங்க. ஆரஞ்சு கலந்து ஒரே சீரா இருக்குறதுதான் வளர்ந்து ஏறும்.

வெள்ளை, செகப்போட கறுப்பும் சேர்ந்த ரகங்கள்ல சாங்கேக்குத் தலையில கறுப்பு வரக்கூடாது, ஷோவாவுக்கு வரணும். ரெண்டையும் ஒரே விலைக்கு ‘மூணு கலர்’னு விக்கிறாங்க, கேட்டா முழிக்கிறாங்க!

கே.கே.நகர்:
சித்திரை, வைகாசியில வாங்காதீங்க. 20 டிகிரி தண்ணியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா 32 டிகிரியில 7.3 தான். பையில அடைச்சு வர்ற மீன் அந்தச் சூட்டுல திணறிரும். ஐப்பசிக்கு மேல, காலையில எடுங்க. எடுக்குமுன்னாடி தீனி போடச் சொல்லுங்க. மேல வராம மூலையில துடுப்பை ஒடுக்கி நிக்கிறதையும், தரையில உடம்பை உரசுறதையும் விட்ருங்க. உரசுனா ஒட்டுண்ணியா இருக்கலாம்.

ஒத்தக்கடை:
போர்த் தண்ணி கடினமா இருக்குற வீட்டுல செகப்பு மேல கறுப்புப் புள்ளி விழலாம். அந்தத் தண்ணிக்கு கோஹாக்கு வேணாம், கறுப்பு ஏற்கனவே இருக்குற ஷோவா பாருங்க.

திருநகர்:
அப்படியும் மனசுக்குப் பிடிக்கலைன்னா வாங்கி என்ன பண்றது? மேல சொன்ன குறையெல்லாம் கழிச்சிட்டு, மிச்சத்துல கண்ணு திரும்பத் திரும்ப எதுல போய் நிக்குதோ அதை எடுங்க. வெயில்ல தண்ணி பச்சையாகுற தொட்டின்னா உடம்பு முழுக்க ஒரே நிறத்துல மின்னுற ஓகோன் ரகத்துல மஞ்சள் ஒண்ணு விடுங்க, அதுலயும் பளிச்சுன்னு தெரியும். சாகோய்ங்கிற ரகம் வெறும் பழுப்பு, கடையில யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ஆனா கையில வந்து தின்கிறதுல அதுதான் முதல் ஆள். 2 அடிக்கு வளரும், சிமெண்டுத் தொட்டி 4 அடி ஆழம் இருக்கட்டும்.

கே.கே.நகர்:
புதுசை நேராப் பழைய மீனோட விடாதீங்க. தனித் தொட்டியில 3 வாரம், 1000 லிட்டருக்கு 3 கிலோ கல் உப்பு. தண்ணி மாத்தும்போது மாத்துன அளவுக்கு மட்டும் உப்பு போடுங்க. உப்பு ஆவியாகாது, வத்துன தண்ணிக்குச் சேர்த்துப் போட்டா கூடிப் போயிரும்.